தட்டான் தாழப் பறந்தால் மழையா? சேர்வராயன் மலைப் பள்ளி ஒன்றில் நடந்த விசாரிப்பு

பின்னணி

சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளும் ஏறி, ஏற்காடு ஊருக்குள் போகாமல் பிரிந்தால், காப்பித் தோட்டங்களுக்கு நடுவே ஓர் அரசு தொடக்கப் பள்ளி. ஈராசிரியர் பள்ளி. ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை ஒரே அறையில் ஓர் ஆசிரியை, நான்கும் ஐந்தும் தலைமையாசிரியரிடம். பிள்ளைகளில் பெரும்பாலோர் மலையாளிப் பழங்குடிக் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள் (இந்த மலையில் வாழும் சமூகம், கேரளத்து மலையாளிகள் அல்ல). வீட்டில் தோட்ட வேலை, மிளகு பறிப்பு, கொஞ்சம் சொந்த நிலம் இருந்தால் சாமை, ராகி. ஆசிரியை சேலத்திலிருந்து தினமும் பஸ்ஸில் மலையேறி வருபவர். நான் ஆசிரியப் பயிற்றுநராக அங்கே போய்வந்துகொண்டிருந்தேன். கீழே எழுதியிருப்பதில் ஒரு பகுதி நேரில் பார்த்தது, மற்றதெல்லாம் ஆசிரியையின் குறிப்பேட்டிலிருந்தும் அவர் சொன்னதிலிருந்தும் வந்தது. ஊர்ப் பெயர், ஆட்கள் பெயர் எதையும் வேண்டுமென்றே விட்டுவிட்டேன்.

இந்த வகுப்பைப் பற்றி அதுவரை சொல்லப்பட்ட குறை ஒன்றுதான், பிள்ளைகள் பேசுவதில்லை. கேள்வி கேட்டால் தரையைப் பார்ப்பார்கள். ஆனால் இடைவேளையில் வேலி ஓரம் நின்று கேட்டால் எந்தப் பழம் எந்தப் பறவைக்கு, எந்தப் புற்றில் எப்போது ஈசல் கிளம்பும் என்று மூச்சுவிடாமல் சொல்வார்கள். அந்தப் பேச்சு வாசற்படியைத் தாண்டி உள்ளே வருவதே இல்லை.

2024 ஜூலை: ஒரு கேள்வி, பல பதில்

சூழ்நிலையியல் பாடத்தில் மழை வந்தது. மழை வரப்போகிறது என்று எப்படித் தெரியும் என்று ஆசிரியை கேட்டார். கருமேகம், இடி, மின்னல் என்ற பதில்தான் வரும் என்று நினைத்திருக்கிறார். வழக்கமாக வாயே திறக்காத இரண்டாம் வகுப்புப் பையன் ஒருவன், "தட்டான் தாழ பறக்கும் டீச்சர்" என்றான். அவ்வளவுதான், அடைத்த மடை திறந்த மாதிரி ஆகிவிட்டது. எறும்பு முட்டையைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஏறும், ஈசல் வரும், ஈசலை எங்க ஆயா பொரியோட வறுத்துக் கொடுக்கும், எங்க தாத்தாவுக்கு முட்டி வலிக்கும். எல்லாவற்றையும் கரும்பலகையில் எழுதினார்.

அப்போது மூன்றாம் வகுப்புப் பெண் ஒருத்தி, "நேத்து தட்டான் தாழத்தான் பறந்துச்சு, மழை வரலியே" என்றாள். பையன் விடவில்லை. "ராத்திரி வந்திருக்கும், நீ தூங்கிட்டே."

அந்த இடத்தில் ஆசிரியை நிறுத்தினார். ராத்திரி மழை வந்ததா இல்லையா என்று எப்படித் தெரிந்துகொள்வது என்று கேட்டுவிட்டு மணி அடிக்க விட்டுவிட்டார். அடுத்த நாள் பிள்ளைகளே ஒரு பிளாஸ்டிக் டப்பாவும் கொட்டாங்குச்சியும் கொண்டுவந்து வெளியே வைத்திருந்தார்கள்.

எடுத்த முதல் முடிவும் அதற்கான காரணமும்

இப்படிக் கேள்வி கிளம்பும்போது வகுப்பறைகளில் வழக்கமாக இரண்டில் ஒன்று நடக்கும். "ஆமாம், முன்னோர்கள் அறிவாளிகள், எல்லாமே அறிவியல்" என்று சொல்லி ஒரு சார்ட் ஒட்டிவிடுவோம். இல்லையென்றால், "அதெல்லாம் நம்பிக்கை, ரேடார்தான் சரி" என்று முடித்துவிடுவோம். இரண்டிலுமே பிள்ளைக்கு வேலை இல்லை. ஆசிரியை விடை சொல்லாமல் இருப்பது என்று முடிவெடுத்தார். விடை அவருக்கும் தெரியாது என்பதால் அது அவ்வளவு சிரமமாக இருக்கவில்லை என்று சிரித்துக்கொண்டே சொன்னார்.

நேரம்தான் சிக்கல். எண்ணும் எழுத்தும் திட்டம் 2022-ல் முதல் மூன்று வகுப்புகளுக்காகத் தொடங்கியது. அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளை அவர்கள் நிலைக்கேற்பப் பிரித்து வாசிப்பு, எழுத்து, கணக்கு நடத்தியாக வேண்டும், மதிப்பீட்டைப் பதிவேற்றியாக வேண்டும். "மழையை அளந்தா வாசிப்பு வந்துடுமா?" என்று தலைமையாசிரியர் கேட்டது நியாயமான கேள்விதான். கடைசியில் ஓர் ஏற்பாட்டுக்கு வந்தார்கள். காலை உணவுத் திட்டத்தால் பிள்ளைகள் எப்படியும் எட்டேகாலுக்கெல்லாம் வந்துவிடுகிறார்கள், சாப்பாட்டுக்கும் முதல் மணிக்கும் நடுவில் இருக்கும் நேரத்தில் அளவு எடுப்பது, அதை எழுதுவதும் எண்ணுவதும் தமிழ், கணக்கு நேரத்திலேயே நடப்பது. தனியாக ஒரு பீரியட் கிடையாது.

பாட்டில் மழைமானி

கொட்டாங்குச்சி உதவாது என்பதைப் பிள்ளைகளே கண்டுபிடித்தார்கள். கீழே குறுகி மேலே விரிவதால் ஒரே தண்ணீர் அடியில் உயரமாகத் தெரியும். வரிவரியாக நெளியாத, நேரான பாட்டில் ஒன்றைத் தேடிப் பிடித்து, மேல்பகுதியை வெட்டித் தலைகீழாகப் புனல் மாதிரி சொருகினார்கள். காற்றில் சாயாமல் இருக்க அடியில் கூழாங்கல், கல் மூழ்கும் வரை தண்ணீர், அந்தத் தண்ணீர் மட்டம்தான் பூஜ்யம். அங்கிருந்து மேலே மில்லிமீட்டர் கோடு போட்ட காகிதத்தை ஒட்டி மேலே செலோடேப். ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம் உள்ள தரையில் ஒரு லிட்டர் தண்ணீர் விழுந்திருக்கிறது என்று அர்த்தம். வாசலில் சாக்பீஸால் அந்தச் சதுரத்தைப் போட்டு ஒரு லிட்டர் தண்ணீரை ஊற்றிக் காட்டியபோது, "இவ்ளோ தண்ணியா!" என்று ஒன்றாம் வகுப்பே எழுந்து நின்றது.

குரங்குகளைக் கணக்கில் சேர்க்கவில்லை. முதல் பாட்டிலை அவை தூக்கிக்கொண்டு போய்விட்டன. அடுத்ததைக் கொடிக்கம்பத்துப் பீடத்தின் ஓரத்தில் கம்பி வைத்துக் கட்டினார்கள்.

அப்புறம் தூறல் மழையா இல்லையா என்று பெரிய சண்டை. இந்திய வானிலை ஆய்வுத் துறை காலை 8.30 மணிக்குத்தான் அளவு எடுக்கிறது, 24 மணி நேரத்தில் 2.5 மில்லிமீட்டராவது பெய்தால்தான் அதை மழை நாள் என்று எண்ணுகிறது என்று ஆசிரியை சொன்னார். நம் சாப்பாட்டு நேரமும் அதுதானே என்பதில் பிள்ளைகளுக்கு ஒரே பெருமை. இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் ஒரு சிவப்புக் கோடு போட்டாயிற்று, அதைத் தொட்டால் மழை. தசம எண் தெரியாத ஒன்றாம் வகுப்புக்கும் அது போதும். அளந்ததும் மழைத் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் பூஜ்யக் கோட்டுக்குப் புதுத் தண்ணீர் ஊற்றிவைக்க வேண்டும். இல்லையென்றால் மழைமானி கொசுப் பண்ணையாகிவிடும்.

நான்கு டப்பாக்கள்

முதல் சில வாரங்கள் பிள்ளைகள் குறித்துவைத்ததைப் பார்த்தால் தட்டான் ஒரு நாளும் பொய் சொல்லவில்லை. ஏனென்றால் தட்டானும் மழையும் சேர்ந்து வந்த நாளை மட்டும்தான் எழுதியிருந்தார்கள். மற்ற நாட்கள் காலி.

ஆசிரியை நான்கு சாக்பீஸ் டப்பாக்களை வரிசையாக வைத்தார். தட்டான் தாழ்ந்தது, மழை வந்தது. தட்டான் தாழ்ந்தது, மழை வரவில்லை. தாழவில்லை, மழை வந்தது. தாழவும் இல்லை, மழையும் இல்லை. வாசிக்கத் தெரியாதவர்களுக்காக ஒவ்வொன்றின் மேலும் படம். மதியம் பார்த்ததை மனதில் வைத்துக்கொண்டு, மறுநாள் காலை பாட்டிலைப் பார்த்துவிட்டு, உரிய டப்பாவில் ஒரு காப்பிக்கொட்டையைப் போட வேண்டும். ஒரு நாளுக்கு ஒரு கொட்டை.

நான் போயிருந்த ஒரு காலையில் நடந்தது இது. முந்தின நாள் தட்டானும் இல்லை, மழையும் இல்லை. கொட்டை போடும் முறை ஒன்றாம் வகுப்புச் சிறுமிக்கு. கொட்டையை உள்ளங்கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள், போட மாட்டேன் என்கிறாள். "ஒண்ணுமே நடக்கலியே டீச்சர், எதுக்குப் போடணும்?" ஆசிரியை பதில் சொல்லவில்லை. பக்கத்தில் நின்ற மூன்றாம் வகுப்புப் பெண், "ஒண்ணும் நடக்காத நாளும் நாளுதான்டி, போடு" என்றாள். சிறுமி போட்டாள், ஆனால் அரைமனதாக. பெரியவர்களான நாமே ஜோசியம் பலித்த நாளை மட்டும்தான் ஞாபகம் வைத்துக்கொள்கிறோம், ஆறு வயதுப் பிள்ளையை என்ன சொல்ல.

வார இறுதிதான் ஓட்டை. சனி, ஞாயிறு பெய்தது திங்கட்கிழமை மொத்தமாகத்தான் தெரியும். பள்ளிக்குப் பக்கத்து வீட்டுப் பிள்ளை அளக்க ஒத்துக்கொண்டான், சில வாரம் அளந்தான், அப்புறம் விளையாட்டில் மறந்துவிட்டான். அந்த நாட்களைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டார்கள்.

எறும்பு முட்டை

எறும்பை நம்பியிருந்த குழுவுக்குச் சோதனை. எறும்பு முட்டை தூக்குவதைத் தினமும் பார்க்க முடியவில்லை. ஒரு நாள் இரண்டு பையன்கள் ஓடிவந்து, "டீச்சர், தூக்குது!" என்றார்கள். போய்ப் பார்த்தால் புற்றைக் குச்சியால் கிண்டியிருக்கிறார்கள். கிண்டினால் தூக்கத்தானே செய்யும்.

திட்டி முடித்துவிடலாம் என்றுதான் தோன்றும். ஆசிரியை அவர்களையே வகுப்புக்கு முன்னால் நிறுத்தி, என்ன செய்தீர்கள், எறும்பு என்ன செய்தது என்று சொல்லச் சொன்னார். சொன்னதும் வேறொரு பிள்ளை, "அப்போ மழையும் குச்சி மாதிரியா?" என்று கேட்டது. அந்தக் கேள்வி ஒன்றுக்காகவே இந்த முழு வேலையும் தகும் என்று குறிப்பேட்டில் எழுதியிருக்கிறார். புற்றுக்குள் தண்ணீர் இறங்கினாலும், மண் ஈரமானாலும், யாராவது கலைத்தாலும் எறும்பு குஞ்சுகளைக் காப்பாற்ற இடம் மாற்றும். மழை அதில் ஒரு காரணம்.

கலைந்த புற்றிலிருந்து வெளியே கிடந்த ஒரு வெள்ளை உருண்டையைக் காகிதத்தில் எடுத்துவைத்து உருப்பெருக்கியில் பார்த்தார்கள். முட்டை என்று நினைத்ததற்குள் மடங்கிய கால்கள், இரண்டு புள்ளிக் கண்கள், வயிற்றோடு ஒட்டி மடித்துவைத்த உணர்கொம்பு. மெழுகில் செய்த எறும்பு மாதிரி இருந்தது. அது கூட்டுப்புழு. எறும்பின் உண்மையான முட்டை மிகச் சிறியது, ஊர் சொல்லும் "முட்டை" பெரும்பாலும் புழுவும் கூட்டுப்புழுவும்தான். பார்த்து முடித்ததும் அதைப் புற்று வாசலிலேயே வைத்தார்கள், ஓர் எறும்பு வந்து தூக்கிக்கொண்டு போனது. புற்றைக் கிண்டக் கூடாது என்ற விதியைப் பிள்ளைகளே அன்றைக்குப் போட்டார்கள்.

செப்டம்பர்: ஊரின் கோபம்

பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் ஊர்ப் பெரியவர் ஒருவர் எழுந்தார். அவருடைய பேரன் வீட்டில், "நீ சொன்னது தப்பு தாத்தா, டப்பாவுல நெறைய கொட்டை வேற பக்கம் இருக்கு" என்று சொல்லியிருக்கிறான். "எங்க பாட்டன் முப்பாட்டன் சொன்னத டப்பாவுல போட்டு எண்ணி, பொய்யின்னு எழுதப் போறீங்களா டீச்சரம்மா?" என்றார். குரல் உயரவில்லை, ஆனால் கூட்டம் அமைதியாகிவிட்டது. கீழே இருந்து வருகிற ஆட்கள் மலையில் இருக்கிறவர்களை ஒன்றும் தெரியாதவர்கள் என்று நினைப்பது அவர்களுக்குப் புதிதில்லை. அந்தக் கோபத்துக்குப் பின்னால் அதுவும் இருந்தது.

அங்கேயே நிறுத்திவிடலாம் என்றார் தலைமையாசிரியர். தட்டானை விட்டுவிட்டு மழை அளவை மட்டும் தொடரலாம் என்பது இன்னொரு யோசனை. ஆசிரியை இரண்டையும் ஏற்கவில்லை. நிறுத்தினால், ஊர் சொல்லைப் பொய்யாக்கிவிட்டுப் பயந்து ஓடினார்கள் என்றுதான் மிஞ்சும். பிள்ளைகளும் பெரியவர்களிடம் எதையும் கேட்கக் கூடாது என்று கற்றுக்கொள்வார்கள். டப்பாக்களைப் பார்த்து எங்கே தவறு என்று சொல்ல, அந்தச் சொல்லுக்குச் சொந்தக்காரர்களையே வகுப்புக்குக் கூப்பிடலாம் என்றார். பெரியவர் வரவில்லை. பொரியும் ஈசலும் வறுத்துக் கொடுக்கும் அந்த ஆயா வந்தார்.

ஆயா கேட்ட கேள்விகள்

ஆயா பெஞ்சில் உட்காரவில்லை, தரையில் பிள்ளைகளோடு உட்கார்ந்தார். டப்பாக்களைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் கேட்டார், "தட்டானை எங்க பார்த்தீங்க?" பள்ளித் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் தேங்கிய குட்டையில் என்றார்கள் பிள்ளைகள். "எப்போ?" மதியம் சாப்பிட்டதும்.

"தண்ணிக்கிட்ட தட்டான் எப்பவும் தாழத்தான்டா பறக்கும். முட்டை போட வருது. களத்து மேட்டுல பாக்கணும், தண்ணி இல்லாத எடத்துல. வெய்யில் தாழ பாக்கணும். ஒண்ணு ரெண்டு பறந்தா கணக்கில்ல, கூட்டமா வரணும்."

குறிப்பேட்டில் இந்த இடத்தில் ஆசிரியை ஒரு வரி மட்டும் எழுதியிருக்கிறார்: மூன்று நிபந்தனைகள், இடம், நேரம், எண்ணிக்கை. நமக்கு வந்து சேர்ந்தது ஒரு வரிப் பழமொழி. அதைப் பயன்படுத்தியவர்களிடம் அதன் நிபந்தனைகளும் சேர்ந்தே இருந்திருக்கின்றன, யாரும் கேட்காததால் அவை சொல்லப்படவில்லை. ஆயா சொன்னது பூச்சியியலுக்கும் ஒத்துவருகிறது. தட்டான்கள் தண்ணீரிலோ அதன் ஓரத்திலோதான் முட்டையிடுகின்றன, குட்டைக்கு மேல் தாழப் பறப்பதற்கும் மழைக்கும் சம்பந்தமே தேவையில்லை. திறந்த வெளியில் கூட்டமாகத் தாழ்வது சின்னப் பூச்சிகளை வேட்டையாட. பருவமழைக் காலத்தில் நம் பக்கம் கூட்டம் கூட்டமாகத் தெரியும் மஞ்சள் தட்டான், இந்தியப் பெருங்கடலைத் தாண்டி மாலத்தீவு, கிழக்கு ஆப்பிரிக்கா வரை போகும் இனம். அதை மழைக்காலத்தோடு ஊர் சேர்த்துப் பார்த்ததில் ஆச்சரியம் இல்லை.

டப்பாக்களைக் காலி செய்துவிட்டுப் புதிதாக ஆரம்பித்தார்கள். பார்க்கும் நேரம் மூன்றரை மணி, இடம் பள்ளிக்கு மேலே இருக்கும் களம். பழைய கொட்டைகளை எறியவில்லை, "குட்டை" என்று எழுதி ஒரு பையில் கட்டித் தொங்கவிட்டார்கள். அடுத்த கூட்டத்துக்குப் பெரியவரும் வந்தார். "அதான் சொல்றேன், பாக்கத் தெரியணும்" என்று மட்டும் சொன்னார்.

அக்டோபருக்குப் பின்

புது டப்பாக்களில் முதல் சில வாரங்கள் தட்டான் பக்கம் கொஞ்சம் சாய்ந்தன. வெற்றி என்று கைதட்ட ஆரம்பித்தபோது வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டது, கிட்டத்தட்ட தினமும் மழை. தட்டான் தாழ்ந்தாலும் மழை, தட்டானே கண்ணில் படாவிட்டாலும் மழை. அந்த மூன்றாம் வகுப்புப் பெண்தான் சொன்னாள்: "தெனமும் பெய்யறப்போ காக்கா கத்தினாக்கூட மழை வருந்தான் டீச்சர்." புள்ளியியல் வகுப்பில் ஒரு வாரம் பாடுபட்டுச் சொல்லும் விஷயம் அது.

டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல். நவம்பர் 30 அன்று புதுச்சேரி அருகே கரையேறி, உள்ளே நகர்ந்து, ஏற்காட்டில் கொட்டித் தீர்த்தது. மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றது, ஆசிரியை மேலே வர முடியவில்லை. பள்ளி மறுபடி திறந்தபோது பாட்டில் விளிம்பு வரை நிறைந்திருந்தது. எவ்வளவு பெய்தது? "தெரியாது, பாட்டிலுக்கு மேல" என்று பதிவேட்டில் எழுதினார்கள். ஏதாவது ஒரு எண்ணை எழுதிவைக்காமல் அப்படி எழுதியது எனக்குப் பிடித்திருந்தது.

என்ன கிடைத்தது, என்ன கிடைக்கவில்லை

தட்டான் சொல் உண்மையா பொய்யா என்று இந்த வகுப்பு கண்டுபிடிக்கவில்லை. ஒரு மழைக்காலத்துக் காப்பிக்கொட்டையை வைத்து அதைச் சொல்லவும் முடியாது. பிள்ளைகளும் அதைச் சொல்கிறார்கள். "களத்துல, சாயங்காலம், கூட்டமா வந்தா வரலாம், இன்னும் பாக்கணும்" என்பதுதான் அவர்கள் ஆண்டு விழாவில் சொன்ன முடிவு.

பேச்சு வகுப்புக்குள் வந்துவிட்டது. அந்த இரண்டாம் வகுப்புப் பையன் எழுத்தில் இன்னும் தடுமாறுகிறான், ஆனால் பாட்டில் கோட்டை வாசித்து எண்ணை எழுதுவதில் தவறுவதில்லை. எல்லாப் பிள்ளைகளுக்கும் வாசிப்பு ஏறிவிட்டது என்று சொன்னால் அது பொய். இரண்டு பேர் அரும்பிலேயே இருந்தார்கள், மழை அவர்களுக்கு எதுவும் செய்துவிடவில்லை. தாத்தாவின் முட்டி வலியை யாரும் பதிவு செய்யவில்லை, தாத்தா ஒத்துக்கொள்ளவில்லை.

மறுபடி செய்தால் மாற்ற வேண்டியவை

பெரியவர்களை முதல் வாரத்திலேயே கூப்பிட வேண்டும். டப்பா வைப்பதற்கு முன்னால், எங்கே பார்ப்பீர்கள், எப்போது பார்ப்பீர்கள், எதைக் கணக்கில் சேர்க்க மாட்டீர்கள் என்று பிள்ளைகளே போய்க் கேட்டுவர வேண்டும். கோபம் வராமல் இருக்க மட்டும் இல்லை, சரியான கேள்வி அங்கேதான் கிடைக்கும்.

ஒரே நேரத்தில் தட்டான், எறும்பு, ஈசல் என்று மூன்றும் வேண்டாம், சின்னப் பிள்ளைகளுக்கு ஒன்று போதும். மழை வரலாம், வராமலும் போகலாம் என்று இருக்கும் மாதங்களைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இங்கே ஆகஸ்ட், செப்டம்பர் சரி. தினமும் பெய்யும்போதும், சுத்தமாகப் பெய்யாதபோதும் எந்த அடையாளத்தையும் சோதிக்க முடியாது. வழிபாட்டோடு சேர்ந்த விஷயங்களை டப்பாவுக்குள் கொண்டுவரக் கூடாது என்பது ஆசிரியையின் கருத்து, எனக்கும் அதுதான். சேர்வராயன் கோயில் திருவிழா ஏன் நடக்கிறது என்று பெரியவர்களிடம் கேட்டு எழுதலாம், கொட்டை போட்டு எண்ணுவதற்கு அது இல்லை. கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்ளும் கேள்வி எது, ஆளிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளும் கேள்வி எது என்று முதலிலேயே இரண்டு பத்தியாகப் பிரித்து எழுதிவிட்டால் பாதிச் சிக்கல் தீரும்.

நடுவில் கிளம்பி, முடியாமல் நிற்கும் ஒரு கேள்வி உண்டு. பனிமூட்டமாக இருந்த ஒரு காலையில் பாட்டிலில் ஒன்றுமே இல்லை, ஆனால் சில்வர் ஓக் மரத்தடியில் மட்டும் தரை நனைந்திருந்தது. மழை பெய்யாமல் மரம் எப்படிப் பெய்தது என்று கேட்டார்கள். மூடுபனி இலையில் பட்டுத் துளியாகிச் சொட்டுகிறது என்று ஆசிரியை இன்னும் சொல்லவில்லை. இந்த ஆண்டு மூன்றாம் வகுப்புக்கு வந்திருக்கும் பிள்ளைகள், ஓக் மரத்தடிக்கு ஒன்று, பலா மரத்தடிக்கு ஒன்று, வெட்டவெளிக்கு ஒன்று என மூன்று பாட்டில் கேட்டிருக்கிறார்கள். கம்பி வாங்கத் தலைமையாசிரியர் பணம் கொடுத்திருக்கிறார்.